எட்டாவது முடித்து நின்ற பையனுக்குப் பத்தாம் வகுப்பு: எந்த வழி, எந்தக் காகிதம், எந்த மாதம்?

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 15 வயது முடிந்து 4 மாதம் ஆகிறது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்து, அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தான். போன ஆகஸ்டில் கட்டட வேலையில் அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனார். அன்றிலிருந்து இவன் பள்ளிக்குப் போகவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறான். தங்கை ஊரிலேயே அரசுப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். பையனுக்குப் படிக்க ஆசைதான், ஆனால் கணக்கு என்றால் பயம். ஒரு டுட்டோரியலில் விசாரித்தோம். 22,000 ரூபாய் கட்டினால் ஒரே வருஷத்தில் பத்தாவதும் பிளஸ் டூவும் ஓப்பன் போர்டில் வாங்கித் தருவோம், பிறகு நேராக டிகிரி சேரலாம் என்கிறார்கள். நம்பலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் 11 வயதுப் பெண்ணுக்குத் தசைச் சிதைவு நோய். நடக்க முடியாது. எந்தப் பள்ளியிலும் அவள் பெயர் இல்லை. அவளுக்கு ஏதாவது வழி உண்டா? — ஒரு வாசகி, அவிநாசி வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டுட்டோரியலுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மேற்கொண்டு ஒரு ரூபாயும் தராதீர்கள். உங்கள் பையனுக்கு வேண்டிய வழிகள் எல்லாமே அரசிடம் இருக்கின்றன, மாநிலப் பொதுத்தேர்வுக் கட்டணமும் சில நூறு ரூபாய்தான். இந்த வழிகளில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பாடம் கடினமாக இருப்பதால் அல்ல. ஒரு தேதியைத் தவறவிடுவதாலும் ஒரு காகிதத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதாலும்தான் பெரும்பாலும் வருஷம் போகிறது. ஆகவே அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘ஒரே வருஷத்தில் இரண்டும்’ என்ற பேச்சைத் தீர்த்துவிடுவோம். நடுவண் அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) உண்மையானது, நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ் தருவது. ஆனால் அங்கேகூடப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் நடுவில் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். அப்படியானால் ஒரே வருஷத்தில் இரண்டும் என்பவர் எந்தப் போர்டைச் சொல்கிறார்? பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஓப்பன் ஸ்கூல்’ என்ற சொல்லை முன்னும் பின்னும் மாற்றிப்போட்டு, பார்த்தால் அரசு நிறுவனம் போலவே தெரியும் பெயர்களில் அங்கீகாரமில்லாத போர்டுகள் உலவுகின்றன. பள்ளிக் கல்வி வாரியங்களின் கூட்டமைப்பான கோப்சேயின் உறுப்பினர் பட்டியலில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ‘நேராக டிகிரி’ என்பதும் ஆபத்தானது. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்பது 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்த விஷயம். பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசை உடைந்தால் பின்னால் ஒட்டவைக்க முடியாது.

இனி பையனின் விஷயம். அவன் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. நான் சொல்லும் வரிசையிலேயே ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள்.

மறுபடி பள்ளிக்கே போவதுதான் முதல் வழி. ஒரு வருஷம்தான் போயிருக்கிறது. 15 வயதில் ஒன்பதாவது உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘வயசாகிவிட்டது, சேர்க்க மாட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடும் அரசின் கணக்கெடுப்பே 18 வயது வரை உள்ளவர்களைக் கணக்கில் எடுக்கிறது. பழைய பள்ளியில் டி.சி. வாங்கவில்லை என்றால் அதே பள்ளியில் மறுசேர்க்கை சுலபம். வேறு பள்ளி என்றால் அவனுடைய எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அவனுக்குள்ள அடையாள எண்ணை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பள்ளி அவன் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு, அவர்கள் பேச்சில் ‘காமன் பூல்’, அனுப்பினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தலைமை ஆசிரியர் தயங்கினால் கல்வித் துறையின் ஒன்றிய அளவிலான அலுவலகமான வட்டார வள மையத்துக்குப் போங்கள், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசுங்கள்.

இதை முதலில் சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்கள் எல்லாம் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருப்பதை அடிப்படையாகக் கொண்டவை. ஒன்பதையும் பத்தையும் வெளியிலிருந்து எழுதினால் அந்தத் தொடர் அறுந்துவிடும். இதை எந்த டுட்டோரியலும் சொல்லாது.

‘சம்பளத்தை விட்டுவிட்டு எப்படிப் பள்ளிக்கு அனுப்புவது’ என்பதுதான் வீட்டில் எழும் கேள்வி, அது நியாயமான கேள்வி. அதற்கு மூன்று இடங்களில் மனுக் கொடுங்கள். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளையின் வருமானம் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, 75,000 ரூபாயை அந்தப் பிள்ளையின் படிப்புக்காக வைப்புநிதியாகப் போடும் திட்டம் பள்ளிக் கல்வித் துறையில் உண்டு. தங்கை அரசுப் பள்ளியில்தானே படிக்கிறாள், அவளுடைய தலைமை ஆசிரியரிடம் இன்றே கேளுங்கள். விபத்து நடந்தபோது பையனும் பள்ளியில் பெயர் உள்ள மாணவன்தான் என்பதையும் மனுவில் எழுதுங்கள். விபத்துக்கான காவல் நிலையப் பதிவும், முடக்கத்துக்கான மருத்துவச் சான்றும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பெற்றோர் உடலளவிலும் பொருளளவிலும் பிள்ளையைக் கவனிக்க இயலாத நிலையில் இருந்தால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். ஆண்டு வருமான வரம்பு கிராமப்புறத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000. வழி தெரியாவிட்டால் 1098 எண்ணில் அழைத்தால் சொல்வார்கள். மூன்றாவது, அண்ணனிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விபத்து முடக்கத்துக்கான உதவியும் பிள்ளைகளின் கல்வி உதவியும் தனித்தனியே கேட்கலாம். மூன்று மனுவுக்கும் நகல் எடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தும் வேலையை விட முடியாது என்றால் இரண்டாவது வழி. தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் அதே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நேரடித் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமல் வெளியிலிருந்து, எழுதுவது. எட்டாவது தேர்ச்சியும் பதினாலரை வயதும் வேண்டும். இரண்டும் அவனுக்கு இருக்கின்றன. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம். முதல் தடவை ஐந்தையும் எழுத வேண்டும். தேறாத பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதிக்கொள்ளலாம், தேறியது தேறியதுதான். சான்றிதழ் தருவதும் அதே இயக்ககம். அதை வைத்துப் பிளஸ் ஒன்னுக்கு மறுபடி அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே சேரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த வழியில் ஆண்டுதோறும் பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: அறிவியல் செய்முறை. பொதுத்தேர்வுக்கு விண்ணப்பிப்பது டிசம்பர், ஜனவரியை ஒட்டி வரும். ஆனால் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிவது பள்ளி திறந்த ஒன்றிரண்டு மாதத்திலேயே, ஜூலை, ஆகஸ்டை ஒட்டி, சில நாள் மட்டும் நடக்கும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த ஒப்புகைச் சீட்டு இல்லாமல் ஜனவரியில் பிரவுசிங் சென்டரில் போய் நின்றால், நேரடித் தனித்தேர்வர் விண்ணப்பம் நகராது. ஒரு முழு வருஷம் அங்கேயே போய்விடும். ஆகவே ஜூன் முதல் வாரத்திலேயே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு நடை போய், ‘நேரடித் தனித்தேர்வர், அறிவியல் செய்முறைப் பதிவு எப்போது’ என்று கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு வாரம் ஒரு முறை செய்தித்தாளையும் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தையும் பாருங்கள்.

பதிந்த பிறகு ஒதுக்கும் பள்ளியில் செய்முறை வகுப்புக்குப் போக வேண்டும். 80 விழுக்காடு வருகை கட்டாயம். வகுப்பு நாள்களை எழுதி வாங்கி, கம்பெனியில் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே காட்டி லீவு பேசிக்கொள்ளட்டும். (18 வயதுக்குட்பட்ட பையனுக்கு இரவு ஷிஃப்ட் போடுவது சட்டப்படி கூடாது. சீசனில் ‘நைட்டும் பார்’ என்று சொன்னால் மறுக்க அவனுக்கு உரிமை இருக்கிறது. படிப்புக்கான நேரமே அந்த இரவுதான்.)

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் 15, இரண்டும் சேர்ந்து 35 வேண்டும். குவிலென்சின் குவியத் தொலைவு, கம்பியின் மின்தடை, கரைசல் அமிலமா காரமா என்று சோதிப்பது போன்றவைதான் செய்முறைகள். கையால் ஒருமுறை செய்துவிட்டால் மறக்காது. வகுப்புக்கு ஒழுங்காகப் போகிற பையனுக்குச் செய்முறையில் கிடைக்கும் மதிப்பெண்ணே எழுத்துத் தேர்வின் பாரத்தைப் பாதி குறைத்துவிடும்.

இப்போது கணக்கு. பயத்துக்கு மருந்து வினாத்தாளின் அமைப்பைத் தெரிந்துகொள்வதுதான். 100 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண் வினாவும் 10. கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு, ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம், அதாவது கிராஃப். தேர்ச்சிக்கு 35. கடைசி இரண்டிலும் சேர்த்து 16-க்கு 14 வாங்கட்டும். ஒரு மதிப்பெண்ணில் பெரும்பாலானவை புத்தகத்தின் பயிற்சி முடிவில் உள்ளவையே, 14-க்கு 10 வாங்கட்டும். இரண்டு மதிப்பெண்ணில் நாலு வினா, ஐந்து மதிப்பெண்ணில் ஒரு வினா. கூட்டினால் 37 வருகிறது. கார்டீசியன் பெருக்கல், திட்டவிலக்கம் இரண்டையும் நன்றாகப் பழகினால் அந்த இரண்டு, ஐந்து மதிப்பெண்களுக்கு ஒரு கைப்பிடி கிடைத்துவிடும்.

வடிவியலில் வடிவொத்த முக்கோணத்தை மட்டும் இங்கேயே காட்டிவிடுகிறேன், ஏனென்றால் தெரிந்த பிள்ளைகளே அதில் தவறுகிறார்கள். முக்கோணம் பி.க்யூ.ஆர். கொடுத்து, விகிதம் 3/5 என்றோ 7/4 என்றோ கேட்பார்கள். முதலில் அடிப்பக்கம் க்யூ.ஆர். வரைந்து முக்கோணத்தை முடிக்க வேண்டும். பிறகு க்யூவிலிருந்து கீழ்ப்பக்கமாகச் சாய்வாக ஒரு கதிர். அந்தக் கதிரில் காம்பஸை ஒரே அளவில் வைத்துப் புள்ளிகள் குறிக்க வேண்டும். எத்தனை? இரண்டு எண்ணில் பெரியது எதுவோ அத்தனை: 3/5-க்கு 5, 7/4-க்கு 7. இப்போது ஆர் புள்ளியோடு இணைப்பது எதை? எப்போதும் கீழே உள்ள எண்ணை. 3/5-இல் ஐந்தாம் புள்ளியை ஆரோடு இணைத்து, மூன்றாம் புள்ளி வழியாக அதற்கு இணைகோடு. 7/4-இல் நாலாம் புள்ளியை ஆரோடு இணைத்து, ஏழாம் புள்ளி வழியாக இணைகோடு. இங்கே கடைசிப் புள்ளி ஏழு என்பதால் கை தானாக ஏழை ஆரோடு இணைத்துவிடும், படம் முழுக்கத் தப்பாகிவிடும். இணைகோடு அடிப்பக்கத்தையோ அதன் நீட்சியையோ வெட்டுமிடத்திலிருந்து ஆர்.பி. பக்கத்துக்கு இன்னொரு இணைகோடு வரைந்தால் வேலை முடிந்தது. தினம் ஒன்று வீதம் 15 நாள் போட்டால் கை பழகிவிடும். கிராஃபில் அளவுத்திட்டத்தை எழுத மறப்பது, அச்சுக்குப் பெயரிட மறப்பது இரண்டும் கிடைத்த மதிப்பெண்ணை இழக்கும் வழிகள்.

புத்தகத்தைப் பாடநூல் கழகத்தில் வாங்கலாம், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. மணற்கேணி செயலியிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் பாடங்கள் இருக்கின்றன. கூடவே ஊர்ப் பள்ளியில் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று தயாரிக்கும் சிறு கையேட்டின் நகலை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். 22,000 ரூபாய் கோர்ஸைவிட அந்த நாற்பது ஐம்பது பக்கம் அவனுக்கு உதவும்.

மூன்றாவது வழி, என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு 14 வயது போதும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தமிழ் வழியிலும் எழுதலாம். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து வருஷம் செல்லும், ஒன்பது தடவை தேர்வு எழுத வாய்ப்பு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என வருஷத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு. இந்தத் தடவை இரண்டு பாடம், அடுத்த தடவை இரண்டு என்று பிரித்து எழுதலாம். ஷிஃப்ட் வேலைக்காரப் பிள்ளைக்கு இது பெரிய வசதி. வீட்டிலிருந்து எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கு, டி.எம்.ஏ. என்பார்கள், 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு. பலர் அதைக் கொடுக்காமலே விட்டுவிட்டுத் தேர்வில் திணறுகிறார்கள்.

கணக்கு இல்லாமலும் ஐந்து பாடம் தேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் பலரையும் அங்கே இழுக்கிறது. அவசரப்படாதீர்கள். கணக்கும் அறிவியலும் இல்லாத பத்தாவதை வைத்துப் பாலிடெக்னிக் கேட்டுப் போக முடியாது, ஐ.டி.ஐ.யின் நல்ல பிரிவுகள் பலவும் மூடிக்கொள்ளும். மாநில அரசு வேலை மனதில் இருந்தாலும், பேச்சுக்கே இடமில்லாதது தமிழ்நாட்டுச் சான்றிதழ்தான். பையன் தமிழ்நாட்டிலேயே படித்து இங்கேயே வேலை தேடப் போகிறவன் என்றால், தனித்தேர்வை இரண்டு தடவை முயன்று பார்த்த பிறகே இதற்கு வரலாம். அடிக்கடி மாநிலம் மாறும் குடும்பத்துக்கும், பல வருஷ இடைவெளிக்குப் பிறகு மெதுவாக எழுத விரும்புகிறவர்களுக்கும் என்.ஐ.ஓ.எஸ். மிகவும் பொருத்தம்.

நாலாவது, பையனுக்குக் கைவேலையில் நாட்டம் இருந்தால், அரசு ஐ.டி.ஐ. எட்டாவது தேர்ச்சிக்கே ஒயர்மேன், வெல்டர், பிளம்பர், தையல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகள் உண்டு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: எட்டாவது முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. பிரிவில் தேறி, பிறகு பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாளை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால், அது பத்தாம் வகுப்புக்கு இணையாகும். கணக்குத் தாள் எழுத வேண்டியதில்லை. இந்தக் கணக்கோடு பார்த்தால் ஓராண்டு வெல்டரைவிட இரண்டாண்டு ஒயர்மேனைக் கேட்பது நல்லது. விண்ணப்பம் மே, ஜூனில் நடக்கும், இப்போதே விசாரியுங்கள். கணக்குப் பயம் நிஜமாகவே பெரிதாக இருந்தால், தனித்தேர்வைத் தாண்டி இதையே நான் முன்னால் வைப்பேன்.

எந்த வழியானாலும் இந்த வாரமே செய்ய வேண்டியது காகித வேலை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் காட்டும் பள்ளிப் பதிவு, டி.சி., பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்து நாலு விஷயத்தை ஒப்பிடுங்கள்: பெயரின் எழுத்துகள், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி. பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத்துத் தேதி ஒன்றைப் போட்டு, பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி இருப்பது ஊர்ப்பக்கம் சாதாரணம். திருத்துவது என்றால் பத்தாவதுக்கு விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பிறந்த தேதிதான் வாழ்நாள் முழுக்க நிற்கும், பிறகு மாற்றுவது மிகக் கடினம். சேவை மையத்தில் பதியும்போது கடைசி பட்டனை அழுத்தும் முன் அச்செடுத்துப் பார்க்கச் சொல்லி, பையனே விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படிக்கட்டும். தட்டச்சு செய்பவர் நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவர் முன்னால் முப்பது பேர் நிற்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வழி இருக்கிறது, அது சலுகை அல்ல, உரிமை. 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளையையும் டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்து அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். தினமும் போக முடியாவிட்டால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இல்லம் சார்ந்த கல்வி இருக்கிறது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருவார்கள். சக்கர நாற்காலியும் அந்த மையம் நடத்தும் மருத்துவ முகாம் வழியாகக் கேட்கலாம். முதலில் வேண்டியது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அது இல்லாவிட்டாலும் பள்ளிச் சேர்க்கையைத் தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். வீட்டிலேயே படித்தாலும் பெயர் பள்ளியில் இருக்க வேண்டும். புத்தகமும் உதவித்தொகையும் பிற்பாடு தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் அந்தப் பெயரை வைத்துத்தான் வரும். சிறப்பாசிரியர் வந்துபோகும் நாள்களைப் பெண்ணின் அம்மா ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வரட்டும். ஒரு மாதம் யாரும் வரவில்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வள மையத்துக்குப் போகலாம்.